சுகர் ஏறினால் டோஸைக் கூட்டுவதற்கு முன்

போன வருஷம் கத்திரி வெயிலில் அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சுகர் 260, 280 என்று நின்றது. இறங்கவே இல்லை. மூன்று இட்லியை இரண்டாக்கினோம், ராத்திரிச் சாதத்தை நிறுத்தினோம். டாக்டர் இன்சுலின் ஊசியில் ஆறு யூனிட் கூட்டினார். அப்போதும் அப்படியே. குப்பி தீர்ந்து புதுசு வாங்கிப் போட்ட மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி உட்கார்ந்திருந்தார். மீட்டரில் 48.

பழைய குப்பியில் மருந்தே வீரியம் இழந்திருந்தது. ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருந்த பத்து நாளும் அது எங்கள் குடியாத்தம் வீட்டில், ஷீட் கூரைக்கடியில், அலமாரியில் இருந்தது. வேலை செய்யாத மருந்துக்காகக் கூட்டிய டோஸ், நல்ல மருந்து வந்ததும் அளவுக்கு மீறிவிட்டது. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜ் இல்லாததை நாங்கள்தான் அவரிடம் சொல்லவில்லை.

சுகர் ஏறினால் சாப்பாட்டையும் டோஸையும் மட்டும் பார்க்கிறோம். மருந்து எங்கே இருந்தது, எந்தச் சிரிஞ்சில் எடுத்தோம், எங்கே குத்தினோம், மீட்டர் காட்டியது நிஜமா என்று யாரும் கேட்பதில்லை. தப்பு பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

இன்சுலின் ஒரு புரதம். சூட்டில் கெடும், உறைந்தாலும் கெடும். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். பிரித்தபின் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் வேலூர் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம், வீட்டுக்குள் 30 டிகிரிக்குக் கீழே ஒரு மூலைகூடக் கிடைக்காது. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் மணல் போட்டு நனைத்து, ஈரத்துணியால் மூடி வைக்கலாம். மருந்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்பானையில் வையுங்கள். நம் ஊரின் வறண்ட வெயிலில் இது நன்றாகவே குளிரும். ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். வெயிலில் நின்ற வண்டியின் டிக்கி அடுப்பு மாதிரி.

அடுத்தது சிரிஞ்ச். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பல யூ-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவி) போடும் கார்ட்ரிட்ஜ்கள், அதாவது மருந்துக் குழல்கள், பெரும்பாலும் யூ-100, ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி யூ-40க்கு, ஆரஞ்சு மூடி யூ-100க்கு. பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். உயிரே போகலாம். மாறாக யூ-40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் போவது வெறும் 8 யூனிட். சுகர் ஏறும், டோஸ் கூடும், யாருக்கும் காரணம் புரியாது. கடையில் “இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். குப்பியைக் கையோடு கொண்டுபோய் எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கும் பழக்கமே வேண்டாம்.

குத்தும் இடத்துக்கு வருவோம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே வலி குறைவு என்பதால் பலர் அதையே தேடிக் குத்துகிறார்கள். அந்தக் கட்டியிலிருந்து மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை, ஒருநாள் குறைவு, ஒருநாள் அதிகம். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தினமும் ஒரு விரல் அகலம் நகர்த்திக் குத்துங்கள். இத்தனை நாள் கட்டியில் குத்தியவர்கள் நல்ல இடத்துக்கு மாறும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். அதே டோஸ் திடீரென்று கூடுதலாக வேலை செய்யும். பேனா என்றால் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, முதலில் இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்த்து, குத்தி அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்துமுறை உருட்டி, பத்துமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம்.

சரி, மீட்டர். மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்தபின் குத்துங்கள். எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் பிழைப்பு. அவற்றை விட்டு, நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரக்காற்றில் கெடும், அடுப்புப் பக்கம் வைத்தால் சூட்டில் கெடும். லேபில் 200, மீட்டரில் 225 என்றால் மீட்டரைத் தூக்கி எறியாதீர்கள். 100க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தைச் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. கடுமையான இரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நோன்பு வைக்கும் பலர் விரலில் இரத்தம் எடுத்தால் நோன்பு முறியும் என்று பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். முறியாது என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சுகர் 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். பார்க்காமல் அது எப்படித் தெரியும்? சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) இஃப்தாருக்கும் (நோன்பு திறப்பது) எவ்வளவு யூனிட் என்பதை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகரை விடாமல் அளந்து காட்டும், கையில் ஒட்டும் சென்சார் இப்போது பரவுகிறது. அது பார்ப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. அதனால் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கும். சாப்பிட்டதும் அம்பு மேலே போவதைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி ஊசி போட்டால், முதலில் போட்டது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததும் சேர்ந்து சுகரைத் தரையில் தள்ளும். சென்சார் உள்ள கையில் படுத்து அழுத்தினால் பொய்யாக லோ (சுகர் மிகவும் இறங்கிவிட்டது) என்று அலறும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துவராவிட்டால் விரலைக் குத்திப் பாருங்கள். உடம்பில் மாட்டி, குழாய் வழியாக இன்சுலினை விடாமல் செலுத்தும் பம்ப் வைத்திருப்பவர்களுக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே ஆபத்து, ஏனென்றால் பம்பில் நீண்டநேரம் நிற்கும் இன்சுலின் கிடையாது. மாற்றுக்கு ஒரு பேனா எப்போதும் கூடவே இருக்கட்டும்.

சுகர் லோ ஆனால் ஆற்காடு மக்கன் பேடாவை நீட்டாதீர்கள். இனிப்புதான், ஆனால் கோவாவும் நெய்யும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. குப்பி, சிரிஞ்ச், பேனா, மீட்டர், ஸ்ட்ரிப் டப்பா எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் எப்படிப் போடுகிறீர்களோ அதே மாதிரி நர்ஸ் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், கட்டி இருக்கிறதா என்று வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். டோஸைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.