பிளாக் பியூட்டியைக் குழந்தைகளுக்கு முழுசாக வாசித்துக் காட்டுங்கள்

முதல் வேலை சரியான பதிப்பைத் தேடி எடுப்பது. ஒரு குதிரை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக அன்னா சியூவெல் எழுதிய ஆங்கில நாவல் 'பிளாக் பியூட்டி' பல உருவங்களில் கிடைக்கிறது. பெரிய பெரிய படங்கள் போட்டு சில பக்கங்களில் முடித்தவை உண்டு, பாதியாகச் சுருக்கியவை உண்டு. நான் சொல்வது முழுப் பதிப்பை. நான்கு பாகங்கள், 49 அத்தியாயங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் சின்னது, உரக்க வாசித்தால் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கையில் இருப்பது முழுசா என்று சந்தேகம் வந்தால் 40ஆவது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். ஜிஞ்சர் என்ற செம்பழுப்புக் குதிரையின் முடிவு அங்கே இருக்க வேண்டும். 'பிள்ளைகள் அழுவார்கள்' என்று அதை வெட்டிய அல்லது மழுப்பிய பதிப்பாக இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இந்தக் கதையைப் பிள்ளைகள் நேசிப்பதற்குக் காரணமே, கதை சொல்லும் பியூட்டி அவர்களிடம் எதையும் மறைக்காமல் பேசுவதுதான்.

என் அண்ணன் பிள்ளைகள், அக்கா தம்பி இரண்டு பேருக்கும் நான்தான் இதை வாசித்துக் காட்டினேன். அதற்கப்புறம் வேறு சில குழந்தைகளுக்கும் வாசித்தேன். என் அனுபவத்தில், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட எட்டு வயது சரியாக இருக்கும். தானே எடுத்துப் படிக்க இன்னும் இரண்டு மூன்று வயது கூடட்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் என்றாலும் வாக்கியங்கள் எளிமையானவை, ஏனென்றால் இது குழந்தைகளுக்காக எழுதப்பட்டதே இல்லை. இங்கிலாந்தில் குதிரைகளோடு வேலை செய்த லாயக்காரர்களும் வண்டிக்காரர்களும் படிக்க வேண்டும், படித்துக் குதிரைகளிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் சியூவெல் எழுதினார். பூசி மெழுகாத அந்தப் பேச்சு பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஏதாவது ஒரு வரி தடுக்கினால் அதைத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போங்கள். நின்று விளக்கவுரை சொல்ல வேண்டாம்.

வாசிக்கும் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடிக்காதீர்கள். மனிதர்கள் பேசும் இடங்களில் கொஞ்சம் குரல் மாறலாம், தப்பில்லை. ஆனால் கதை சொல்லும் பியூட்டியின் குரல் நிதானமானது. அடி வாங்கியதைச் சொல்லும்போதும் புலம்பாது. அந்த நிதானத்தை நீங்கள் காப்பாற்றினால், கோபப்படுவதும் அழுவதும் கேட்கிற பிள்ளையின் வேலையாகிவிடும். நீங்களே குரல் தழுதழுக்க வாசித்தால் அந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

முதல் அத்தியாயம் புல்வெளி, அம்மா, மற்ற குட்டிகள் என்று இதமாகப் போகும். இரண்டாவதிலேயே வேட்டை வந்துவிடும். ஒரு முயலைத் துரத்தும் கூட்டத்தில் ஒரு குதிரையும் அதன் மேல் வந்த இளைஞனும் செத்துப்போகிறார்கள். அதனால் முதல் நாளே இரண்டையும் சேர்த்து வாசித்துவிடுவது நல்லது. இது எப்படிப்பட்ட கதை என்று பிள்ளைக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்தது குட்டிக்குக் கடிவாளமும் சேணமும் பழக்கும் அத்தியாயம். விரல் பருமனுள்ள குளிர்ந்த இரும்பை வாய்க்குள் தள்ளுவதைப் பியூட்டி விவரிக்கும் இடத்தை மெதுவாக வாசியுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே உதட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதே அத்தியாயத்தில் ஒரு விளையாட்டுக்கும் இடம் இருக்கிறது. புல்வெளி ஓரமாகப் புகை கக்கிக்கொண்டு, தடதடவென்று நீளமான கறுப்பு உருவம் ஒன்று பாய்ந்து போகிறது. பியூட்டி பயந்து வெளியின் மறுகோடிக்கு ஓடுகிறது. அங்கே புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டு, "அது என்ன?" என்று கேளுங்கள். ரயிலைக் குதிரையின் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை அதன்பிறகு எல்லாவற்றையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, ஒரு நீளமான காகிதத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள். குதிரை கைமாறும்போதெல்லாம் வீட்டின் பெயரையும், அங்கே அதை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் பிள்ளைகளே எழுதட்டும். பண்ணைக்காரர் கிரேயிடம் டார்க்கி. பர்ட்விக் பார்க்கில் பிளாக் பியூட்டி. எர்ல்ஷாலில் பிளாக் ஆஸ்டர். லண்டனில் ஜெர்ரி பார்க்கர் வீட்டில் ஜாக். ஒரு குதிரைக்கு இத்தனை எஜமானர்கள், இத்தனை பெயர்கள். யாரும் அதைக் கேட்டுப் பெயர் வைக்கவில்லை. நீங்கள் இதைச் சொல்லவே வேண்டாம், காகிதம் நீண்டுகொண்டே போகும்போது அவர்களே சொல்வார்கள். என் அண்ணன் மகள் கடைசி வரை அதை ஜாக் என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

அந்தக் காகிதத்தின் ஓரத்தில் ஜோ கிரீன் என்ற பெயரையும் எழுதச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் சொல்லாதீர்கள். 18ஆவது அத்தியாயத்தில் பியூட்டி நள்ளிரவில் மருத்துவரை அழைத்துவர நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. திரும்பி வரும்போது உடம்பெல்லாம் வேர்வை. லாயத்துக்குப் புதிதாக வந்த ஜோ, பாவம், நல்லது செய்வதாக நினைத்து நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிறான். உடம்பு சூடாகத்தானே இருக்கிறது என்று கம்பளியும் போர்த்தவில்லை. குதிரை சாகக் கிடக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் ஜோவின் அப்பா, பையன் தெரியாமல்தானே செய்தான் என்று மன்றாடுகிறார். வண்டிக்காரர் ஜான் மேன்லிக்குக் கோபம் பொங்குகிறது. அறியாமையை இலேசாகப் பேசாதே, கெட்ட எண்ணத்துக்கு அடுத்தபடி உலகத்தில் மோசமானது அதுதான் என்கிறார். இந்த இடத்தில் பிள்ளைகளை வாதாட விடுங்கள், அவசரமே வேண்டாம். ஜோ குற்றவாளியா? ஜான் பேசியது நியாயமா? எங்கள் வீட்டில் அக்கா ஜானின் கட்சி, தம்பி ஜோவின் கட்சி. சாப்பிடும்போதும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நடுவில் புகுந்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அடுத்தடுத்து ஜோ எப்படிப்பட்ட ஆளாக மாறுகிறான் என்பதைக் கதையே காட்டும்.

நடுவில் நிறுத்துவதற்கென்றே எழுதியது போன்ற இடங்கள் சில இருக்கின்றன. அவற்றில் சிறந்தது 12ஆவது அத்தியாயம். புயல் இரவு, ஆறு பெருகி ஓடுகிறது, பாலத்தில் குளம்பை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று பியூட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. எஜமானர் சவுக்கால் தொட்டும் நகரவில்லை. அங்கே நிறுத்துங்கள். மறுகரையிலிருந்து விளக்கோடு ஓடிவரும் ஆள் நாளைக்கு வரட்டும். 9ஆவது அத்தியாயம் நேர் எதிர், அதை ஒரே மூச்சில் வாசித்துச் சிரிக்க வேண்டும். மெர்ரிலெக்ஸ் என்ற மட்டக்குதிரை, தன் மேல் மாறி மாறி ஏறி ஓய்வே கொடுக்காத பையன்களைப் பின்னங்காலில் எழுந்து நின்று பதமாகச் சறுக்கிவிடுகிறது. அவர்கள் என்னை நீராவி இயந்திரம் என்று நினைத்துவிட்டார்கள் என்று அது சொல்லும் நியாயத்தைச் சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இப்போது புத்தகத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தில் எர்ல்ஷாலுக்குப் போனதும், குதிரையின் தலையை மேலே தூக்கிப் பிடித்துக் கட்டும் வார் ஒன்று வரும். முதல் பாகத்திலேயே ஜிஞ்சர் அதைப் பற்றிச் சொல்லியிருக்கும். கோச்சு வண்டியில் பூட்டிய குதிரைகள் கழுத்தை நிமிர்த்தி மிடுக்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக அன்றைக்குப் பணக்காரர்கள் அப்படிக் கட்டினார்கள். வேறு ஒரு உபயோகமும் கிடையாது. புத்தகத்தில் இது பல இடங்களில் வருகிறது. இது புரியாவிட்டால் பாதிக் கதை நழுவிவிடும், வாயால் விளக்கினாலும் புரியாது. பிள்ளையைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, தலையைக் குனிந்து, முழு பலத்தோடு தள்ளச் சொல்லுங்கள். அடுத்து, அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி அதே மாதிரி தள்ளச் சொல்லுங்கள். பலம் எங்கே போயிற்று என்று திகைப்பார்கள். மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தித்தான் உடம்பின் எடையை முன்னே கொடுக்க முடியும். இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு, அந்த வாரை ஒவ்வொரு துளையாக எர்ல்ஷால் வண்டிக்காரர் யார்க் இறுக்கிக்கொண்டே போகும் பக்கங்களை வாசித்தால் கழுத்தே வலிக்கும். ஜிஞ்சர் ஒரு நாள் பொறுமை இழந்து உதைக்கிறதே, அப்போது ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 46ஆவது அத்தியாயத்தில், மேட்டில் பாரம் ஏற்றி வரும் வண்டிக்காரரிடம் வழியில் வந்த ஒரு பெண்மணி அந்த வாரை அவிழ்த்துப் பாருங்களேன் என்று கேட்டுக்கொள்வார். அண்ணன் மகன் அங்கே எழுந்து போய்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டான்.

லண்டன் பகுதியில் வேகம் குறையும். தேர்தல், ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டலாமா என்ற விவாதம் என்று சில அத்தியாயங்கள் பெரியவர்களுக்கானவை. அலுப்புத் தட்டினால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லித் தாண்டுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் 34ஐ விடாதீர்கள். கிரிமியப் போரில் ஓடிய கேப்டன் என்ற கிழட்டுக் குதிரை தன் கதையைச் சொல்லும் இடம் அது. போர் எதற்காக நடந்தது என்று அதற்குத் தெரியாது. "சண்டை எதுக்குன்னு அதுகிட்ட யாருமே சொல்லலையா அத்தை?" என்று கேட்கப்பட்டேன்.

சரி, 40ஆவது அத்தியாயம். இதைத் தூங்கப்போகும் நேரத்தில் வாசிக்காதீர்கள். பகலில், பிறகு ஓடி விளையாட நேரம் இருக்கும்போது வாசியுங்கள். முன்கூட்டியே எச்சரிக்கவும் வேண்டாம், ஆறுதல் சொல்ல ஓடவும் வேண்டாம். வண்டி நிறுத்தத்தில் பியூட்டி ஜிஞ்சரைச் சந்திக்கிறது, மெலிந்து ஓய்ந்துபோன ஜிஞ்சர். கொஞ்ச நாள் கழித்து ஒரு வண்டியில் செத்த குதிரை ஒன்று போகிறது. அது ஜிஞ்சர்தான் என்று பியூட்டி நினைக்கிறது, ஜிஞ்சராகவே இருக்கட்டும், அப்படியானால் அதன் கஷ்டம் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறது. உறுதியாக எதையும் சொல்வதில்லை. "அப்போ அது ஜிஞ்சரா இல்லாமலும் இருக்கலாம்ல அத்தை?" என்றான் தம்பி. அக்கா பதில் பேசாமல் எழுந்து போய்விட்டாள். இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன், புத்தகம் அந்த இடத்தைத் திறந்துதானே வைத்திருக்கிறது. அன்றைக்கு மேலே வாசிக்க வேண்டாம். மறுநாள் 10ஆவது அத்தியாயத்துக்குத் திரும்பலாம். பழத்தோட்டத்தில் குதிரைகள் எல்லாம் நிழலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் அத்தியாயம். எங்கள் வீட்டில் அதை அக்காதான் கேட்டு வாங்கினாள். ஜிஞ்சர் அங்கே உயிரோடு இருந்து வாதாடிக்கொண்டிருக்கிறது. அழகு என்ற பெயரில் வாலை வெட்டிவிட்டதால் ஈ ஓட்டக்கூட முடியாத சர் ஆலிவர் என்ற குதிரையும் அங்கேதான் இருக்கிறது.

கடைசி இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்து ஒரே நாளில் முடியுங்கள். லண்டனின் லட்கேட் ஹில் மேட்டில் விழுந்து எழுந்த பியூட்டி, கிழப் பண்ணைக்காரர் ஒருவரும் அவருடைய பேரனும் தேற்றிவிட்ட பிறகு மூன்று பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் போகிறது. அங்கே குதிரையைத் தேய்த்துவிடும் ஆள், நெற்றியில் இருக்கும் வெள்ளை நட்சத்திரத்தைப் பார்க்கிறான், வெள்ளைக் காலைப் பார்க்கிறான். சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து, உங்களுக்கு முன்னாலேயே பிள்ளைகள் அவன் பெயரைக் கத்துவார்கள். அதற்காகத்தான் முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.

எழுதியவரைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல், கதை முடிந்த பிறகு சொல்லுங்கள். அன்னா சியூவெல் 1820இல் கிரேட் யார்மத்தில் பிறந்தார். 14 வயதில் பள்ளியிலிருந்து வரும்போது மழையில் வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போவதென்றாலும் மட்டக்குதிரை பூட்டிய வண்டிதான், அப்படித்தான் குதிரைகளை அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொண்டார். 1871 முதல் 1877 வரை, உடம்பு மிகவும் முடியாமல் வீட்டோடு கிடந்த காலத்தில் துண்டுக் காகிதங்களில் எழுத எழுத, அவருடைய அம்மா அவற்றைப் படியெடுத்தார். புத்தகம் 1877 நவம்பரில் வெளிவந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். அவர் எழுதியது இந்த ஒரு புத்தகம்தான். முதல் பதிப்பின் முகப்பில், குதிரையின் மொழியிலிருந்து இதை மொழிபெயர்த்தவர் அன்னா சியூவெல் என்று போட்டிருந்தது. பிள்ளைகளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முடித்த பிறகு கேள்வித்தாள், 'இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' எல்லாம் வேண்டவே வேண்டாம். திரைப்படம் பார்ப்பதாக இருந்தால் இதற்குப் பிறகு பார்க்கலாம், முன்னால் வேண்டாம். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கொஞ்ச நாள் கிழிக்காமல் விட்டுவையுங்கள். புத்தகத்தையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டிலேயே வையுங்கள். மெர்ரிலெக்ஸின் அத்தியாயத்தை அவர்களே தேடி எடுத்து வாசித்துக்கொள்வார்கள்.