கொரியன் புல் போய்ப் பொடுதலை வந்தது

வீட்டு முன்னால் ஒரு சென்ட் இடத்தில் கொரியன் புல் பதித்திருந்தோம். சித்திரை வெயிலில் தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. நடுவில் கோரை மட்டும் ஜம்மென்று நின்றது. களைக்கொல்லி அடிக்க மனம் வரவில்லை. கோரையை இழுத்தால் தாள்தான் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். அதனால் ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்கு கிழங்காகப் பொறுக்கினேன். முதுகு போய்விட்டது. அப்படியும் அங்கங்கே தலைகாட்டத்தான் செய்கிறது.

அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருந்த பொடுதலையைப் பிடுங்கி வந்து, கணுவோடு நறுக்கி, சாணுக்கு ஒன்றாக நட்டேன். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதுதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மூன்று மாதத்தில் தரையை மூடிவிட்டது. இப்போது வாரம் இரண்டு தடவை தண்ணீர் போதும், வெட்டுவது எப்போதாவதுதான். வெள்ளையும் ஊதாவுமாகக் குட்டிப் பூக்கள், அதில் தேனீ மொய்க்கும். பேத்தி வெறுங்காலோடு ஓடுவாள் என்பதால், அவள் வருவதற்கு முதல் நாள் பூவை மட்டும் மேலாக வெட்டிவிடுவேன்.

மாமர நிழலில் மட்டும் சரியாக வரவில்லை. சரி என்று அங்கே சருகைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன். மனைவிக்குத்தான் அது இன்னும் கண்ணை உறுத்துகிறது.