ஐந்தாம் ஹென்றி: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி ஆண்டது 1413 முதல் 1422 வரை. ஆனால் பல கட்டுரைகளில் 1415 அக்டோபர் 25-ஆம் தேதி பிரெஞ்சுப் படையை அவர் வென்ற அஜின்கோர் போரோடு ஆட்சியே முடிந்துவிடுகிறது. பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அஜின்கோர் போரில் பிரான்ஸைப் பிடித்தார் என்று எழுதாதீர்கள். அன்று ஓர் ஊர்கூட அவர் கைக்கு வரவில்லை. அந்தப் படையெடுப்பில் கிடைத்தது முற்றுகையிட்டுச் செப்டம்பரில் வாங்கிய ஆர்ஃப்ளர் துறைமுகம் மட்டுமே. வயிற்றுக்கடுப்பால் தேய்ந்த படையோடு ஆங்கிலேயர் வசமிருந்த காலே துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரைத்தான் பிரெஞ்சுப் படை மறித்தது.

வெற்றி முழுவதையும் ஆங்கிலேய வில்லாளிகளின் நீள்வில்லுக்கே கொடுத்துவிடுவதும் தவறு. இரவெல்லாம் மழை. உழுது போட்ட வயல், இரு பக்கமும் காடு. அம்பு பட்டு மிரண்ட பிரெஞ்சுக் குதிரைகள் திரும்பி ஓடிச் சேற்றை இன்னும் குழப்பின. கவசத்தோடு நடந்து வந்த பிரெஞ்சு வீரர்களுக்குக் கால் புதைந்தது. பின்வரிசை நெருக்க, கை வீசவே இடமில்லை. விழுந்தவர் எழவில்லை. அப்போது வில்லாளிகள் வில்லைப் போட்டுவிட்டுக் கோடாரியும் சம்மட்டியுமாக இறங்கினார்கள். கைதிகளைக் கொல்லும்படி ஹென்றி உத்தரவிட்டதையும் மறைக்கக் கூடாது.

படைபலத்துக்கு ஒரே எண்ணைப் போடாதீர்கள். ஆங்கிலேயர் 6,000 முதல் 9,000 வரை. பிரெஞ்சுத் தரப்புக்கு 12,000-இலிருந்து 30,000-க்கு மேல்வரை கணக்குகள் மாறுகின்றன.

உண்மையில் நாடு பிடித்தது 1417-இல் தொடங்கிய, வட பிரான்ஸின் நார்மண்டிப் பகுதி மீதான படையெடுப்பில். இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1418 ஜூலையில் நார்மண்டியின் ருவான் நகரம் முற்றுகைக்குள்ளானது. உணவு தீர்ந்ததும் நகரத்தார் ஏழைகளை வெளியே துரத்தினார்கள். ஹென்றி அவர்களைத் தன் வளையத்தைத் தாண்ட விடவில்லை. மதிலுக்கும் படைக்கும் நடுவே அகழியில் மழையில் கிடந்து பட்டினியால் செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் உணவு தரப்பட்டது. ஜனவரியில் நகரம் பணிந்தது. வீரன் என்று எழுதுகிறவர்கள் இந்த அகழியையும் எழுத வேண்டும்.

‘பிரான்ஸின் மன்னர்’ என்ற பட்டமும் பொருந்தாது. 1420 மே 21-இல் கையெழுத்தான த்ருவா உடன்படிக்கை அவரைப் பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸின் வாரிசாகவும் ஆட்சிப் பொறுப்பாளராகவும்தான் ஆக்கியது. 1422 ஆகஸ்ட் 31-இல் ஹென்றி இறந்தார். சார்லஸ் அக்டோபர் 21-இல். ஏழு வார வித்தியாசத்தில் பிரெஞ்சு முடி, பிறந்து பத்து மாதமே ஆன ஹென்றியின் மகனுக்குப் போனது. 1453-இல் காலே தவிர பிரான்ஸில் ஆங்கிலேயருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மரபு என்று எழுதும்போது போரோடு நிற்க வேண்டாம். 1417 முதல் அவருடைய தனி முத்திரையிட்டு அனுப்பப்பட்ட கடிதங்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கின. அதுவரை அரசுக் கடிதங்களில் கோலோச்சியவை பிரெஞ்சும் லத்தீனும்.