சொந்தக் கெர்னல் கட்டலாம் வாங்க: சாவி கேட்டு நின்ற இடம்

என் பழைய லேப்டாப்பில் யூஎஸ்பி மைக் வைத்துப் பேச்சைப் பதிவு செய்தால் நடுநடுவே 'டிக் டிக்' என்று வெட்டும். உபுண்டு 22.04 லினக்ஸின் வழக்கமான கெர்னலில் (வன்பொருளையும் புரோகிராம்களையும் இணைத்து நடத்தும் மையப் பகுதி) டைமர் வினாடிக்கு 250 முறை துடிக்கிறது. அது அடிக்கடி துடித்தால் வெட்டு குறையுமோ, 1000 ஆக்கிப் பார்ப்போமே என்று இறங்கினேன். ரெடிமேடாக லோலேட்டன்சி (தாமதம் குறைந்த) கெர்னல் கிடைக்கிறதே என்பீர்கள். தெரியும், ஆசை விடவில்லை.

விண்டோஸில் ஒரு புரோகிராம், டைமரை வேகமாக்கும்படி கெர்னலிடம் விண்ணப்பம் போடலாம். அவ்வளவுதான். கெர்னலைத் திருத்திக் கட்ட மூலநிரல் நம் கையில் இல்லை. நினைவகத்தில் ஓடும் கெர்னலில் கை வைத்தாலும், 2005-இல் 64-பிட் விண்டோஸுடன் வந்த பேட்ச்கார்டு என்ற காவல் கண்டுபிடித்து நீலத்திரை காட்டிவிடும்.

இனி வேலை. கமாண்டுகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.

படி 1: கெர்னல் டாட் ஓஆர்ஜியில் எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) பதிப்பை இறக்கிப் பிரியுங்கள். டிஸ்கில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பில்ட்-எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி, டுவார்வ்ஸ், டெப்ஹெல்பர், அப்புறம் எஸ்எஸ்எல், எல்ஃப், என்கர்சஸ் மூன்றின் டெவ் பேக்கேஜ்களும் வேண்டும்.

படி 2: பூட் ஃபோல்டரில் இருக்கும் இப்போதைய கான்ஃபிக் கோப்பை, டாட் கான்ஃபிக் என்ற பெயரில் இங்கே நகலெடுத்து, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுங்கள். இந்த நிமிடம் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் டிரைவர் போன்ற துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அதனால் வீட்டில் இருக்கும் பென்டிரைவ், பிரிண்டர், ஹெட்செட் எல்லாவற்றையும் முதலில் செருகுங்கள். முதல் தடவை நான் செருகவில்லை. எந்த மைக்குக்காக இத்தனையும் செய்தேனோ, அந்த மைக்கின் டிரைவரே புதுக் கெர்னலில் இல்லை!

படி 3: 'மேக் மெனுகான்ஃபிக்' கொடுத்தால் கெர்னல் அமைப்புகளின் மெனு திறக்கும். இதற்கு மாற்றான எக்ஸ்கான்ஃபிக்கில் மௌஸ் உண்டு, ஆனால் எனக்கு இதுதான் கைக்கு வாகு. சாய்கோட்டை அழுத்தினால் எதையும் தேடலாம். டைமர் ஃப்ரீக்வென்சியை 1000 ஆக்குங்கள். லோக்கல் வெர்ஷனில் உங்களுக்கென ஒரு வால் சேருங்கள், பிறகு அடையாளம் தெரியும். டீபக் இன்ஃபர்மேஷனை அணைத்துவிடுங்கள், டிஸ்க் பிழைக்கும்.

படி 4: இங்கேதான் ஒரு ராத்திரி போனது. கெர்னலைக் கட்டும் 'மேக்' கமாண்டை எட்டு வேலைகளாகக் கொடுத்தேன், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. கடைசி வரியில் வெறும் 'எரர் 2'. எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடும்போது உண்மையான பிழை எங்கோ மேலே போய்விடுகிறது. ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டினால்தான் கண்ணில் பட்டது: டெபியன் ஃபோல்டருக்குள் ஒரு சான்றிதழ்க் கோப்பு வேண்டுமாம், அதை உருவாக்க வழி இல்லையாம்.

காரணம் படி 2-இல் இருக்கிறது. நாம் நகலெடுத்த கான்ஃபிக், உபுண்டு தன் கெர்னலைக் கட்டப் பயன்படுத்தியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் அவர்கள் சாவி, அதாவது அந்தச் சான்றிதழ், இருக்கும் இடத்தையும் அது சுமந்து வந்திருக்கிறது. டாட் கான்ஃபிக்கைத் திறந்து, சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ் என்ற இரண்டு வரிகளிலும் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழித்து வெறுமையாக்குங்கள். சரி, அடுத்தவர் சாவி போயிற்று.

விண்டோஸில் இந்த அழிப்பு நடக்காது. விஸ்டாவின் 64-பிட் பதிப்பிலிருந்தே, கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றுவதில்லை. டெஸ்ட் மோடுக்குப் போனால் நாமே கையொப்பமிட்ட டிரைவரை ஏற்றலாம், திரையின் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும். அங்கேயும் டிரைவர்தான், கெர்னல் இல்லை.

படி 5: 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுங்கள், கெர்னலைக் கட்டி நிறுவத்தக்க டெப் கோப்புகளாக்கும். என் லேப்டாப்பில் முக்கால் மணி நேரம். ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் அவை வந்து நிற்கும். டிபிகேஜியால் நிறுவி ரீபூட் செய்யுங்கள். 'யூநேம் -ஆர்' கொடுத்தால் உங்கள் வால் தெரியவேண்டும். கெர்னல் எழும்பாவிட்டால் பதறவேண்டாம், லேப்டாப் துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கெர்னல் பத்திரமாக இருக்கும்.

'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் செக்யூர் பூட் (நம்பும் கையொப்பம் இல்லாத கெர்னலைத் துவங்க விடாத பாதுகாப்பு) தடுக்கிறது என்று அர்த்தம். பயாஸில் அதை அணைக்கலாம். அணைக்க மனமில்லையென்றால் சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, மோக்யூடில் என்ற கருவி மூலம் பதிந்து, கெர்னலில் கையொப்பமிடலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பிற்சேர்க்கை 1: ஆப்பிளின் மேக் கணினியில் முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதன் எக்ஸ்என்யூ கெர்னலின் மூலநிரலை ஆப்பிளே வெளியிடுகிறது, உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் 2015-இன் எல் கேப்பிடன் பதிப்பிலிருந்து சிஸ்டம் கோப்புகளுக்குப் பூட்டு. திருத்திய கெர்னலை அன்றாட மெஷினில் ஓட்டுவது புதியவர்களுக்கான வேலை இல்லை.

பிற்சேர்க்கை 2: புதுக் கெர்னலில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடவில்லை என்றவர்கள், இமேஜ் டெப்போடு ஹெடர்ஸ் டெப்பையும் நிறுவினீர்களா பாருங்கள். அது இல்லாமல், புதுக் கெர்னலுக்கேற்ப மாட்யூல்களைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ்ஸால் விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூலைக் கட்ட முடியாது. மைக் என்னாயிற்று என்றும் கேட்டீர்கள். வெட்டு குறைந்தது. யூஎஸ்பி கேபிளை மாற்றியதும் முழுக்கப் போய்விட்டது.