திமிங்கிலம் பார்க்கப் பைனாகுலர் வாங்குவது எப்படி: நான் பிழைவிட்ட இடத்திலிருந்து

போன பங்குனியில் திருகோணமலைக் கோணேசர் கோயில் மலையில், கடலைப் பார்த்த இராவணன் வெட்டுப் பக்கம் நின்றேன். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் "அந்தா ஊதுது!" என்று கைகாட்டினார். வெறுங்கண்ணுக்கே வெள்ளைப் புகைபோலத் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய 20x50 பைனாகுலரைத் தூக்கினேன். கடல் முழுக்க ஆடியது. ஐயா பார்த்து முடித்துக் கச்சான் வாங்கப் போய்விட்டார். நான் அலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

1. எண்ணைப் பாருங்கள். 8x42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மில்லிமீட்டர். மடங்கு கூடினால் கைநடுக்கமும் கூடும், காட்சியின் அகலம் குறையும். முதற்தடவை வாங்குபவருக்கு 8x42 போதும். கை உறுதியென்றால் 10x42. அதற்கு மேலே போனால் முக்காலி வேண்டும். சூம் உள்ளது, வில்லை சிவப்பாக மினுங்குவது இரண்டையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

2. வெளிச்சம். 42 ஐ 8 ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர். சட்டைப்பைக்குள் வைக்கும் 10x25 இல் 2.5 தான். கொக்கிளாய்க் களப்பில் பொழுதுபடும் நேரம் பறவை பார்க்கப் போனால் வித்தியாசம் விளங்கும்.

3. கடையில். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். வடிவான வட்டமாக இருக்கவேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் இருந்தால் உள்ளே மலிவான கண்ணாடி.

4. வலக்கண் வளையம். 8x42 வாங்கிய பிறகும் எனக்கு ஒரு மாதம் தலையிடி. பொருள் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்கே போனேன். பிழை என்னுடையது. வலது கண்வில்லையில் இருக்கும் சின்ன வளையத்தை நான் தொட்டதேயில்லை.

தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைத் தெரிவுசெய்யுங்கள். வலது முன்வில்லையைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். இனி இடதை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். அந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் எடுத்து விளையாடினால் நன்றி சொல்வீர்கள்.

பிறகு நடுச்சக்கரம் மட்டுந்தான்.

பின்சேர்க்கை: மூக்குக்கண்ணாடி போடும் இரண்டுபேர் "ஓரமெல்லாம் கறுப்பாத் தெரியுது" என்று எழுதியிருந்தார்கள். கண்வில்லையைச் சுற்றியுள்ள றப்பர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிடுங்கள். வாங்கும்போதே கண் இடைவெளி (eye relief, கண்வில்லைக்கும் கண்ணுக்கும் நடுவே விடக்கூடிய தூரம்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாததாகக் கேளுங்கள்.

இன்னொன்று: வள்ளத்தில் போய்ப் பார்ப்பவர்களுக்கு 8 கூட அதிகம், கடலோடிகள் 7x50 வைத்திருப்பது அதனால்தான். உப்புத்தண்ணீர் பட்டால் துணியால் தேய்க்கவேண்டாம், உப்புமணி வில்லையைக் கீறிவிடும். தண்ணீர் புகாத வகையென்றால் முதலில் நல்லதண்ணீரால் கழுவுங்கள். வெயில் ஏறமுன் போங்கள். மத்தியானம் கானல் எழும்பினால் எந்த விலைக் கண்ணாடியிலும் கடல் நெளியும்.