செம்பனைப் பழத்தில் லம்பாம்: தோட்டத்து ஓடையில் முதல் தூண்டில்

மலேசியாவில் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (பெயர்ப் பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா) செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு நடுவே ஓடும் சின்ன ஓடைகளில், லம்பாம் என்கிற ஆற்று மீன் குஞ்சு விட்டு வளர்ந்த இடங்கள் உண்டு. தூண்டில் பழக ஆசைப்படுகிறவர்களை நான் அங்கேதான் கூட்டிப்போவேன். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது எந்தத் தூண்டில் வாங்கலாம் என்றுதான். அதற்கு முன்னால் நடக்கப் பழக வேண்டும், ஏனென்றால் பத்தடி அகல ஓடையில் நாம் மீனைப் பார்ப்பதற்குள் மீன் நம்மைப் பார்த்துவிடும்.

போவதற்கு முன் தோட்டத்து ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காலில் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும், அதனால் குவியல்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.

சாமான் எல்லாமே சின்னதாக இருக்கட்டும். ஐந்தரை அடி மெல்லிய கோல் போதும், மூங்கில் கோல் இருந்தாலும் சரி. தூண்டில் நரம்பு ஆறு பவுண்டு பாரம் தாங்குவதற்கு மேல் வேண்டாம் (கடையில் மலாயில் 'தாலி தங்சி' என்று கேளுங்கள்). முள் எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர். இதில் நம்பர் கூடினால் முள் சின்னதாகும், நிறைய பேர் இங்கேதான் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு சின்ன மிதப்பு, மிளகு அளவு ஈயம் ஒன்றிரண்டு. என் முதல் கோலுக்குக் கடைக்காரர் இருபது பவுண்டு நரம்பைச் சுற்றிக் கொடுத்தார், ஒரு மாதம் முழுக்க ஒரு மீன்கூடத் தொடவில்லை. நரம்பை மாற்றிய வாரமே மூன்று கிடைத்தது.

முள்ளைக் கட்டுவது இப்படி: நரம்பை முள்ளின் காதில் விட்டு, நுனியை நரம்பின்மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் தெரியும், நுனியை அதற்குள் நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். காயவிட்டு இறுக்கினால் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

இனி இரை, அது செம்பனைப் பழமேதான். இந்த நாட்டில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது 1917-இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். தண்ணீரோரம் நிற்கும் மரத்திலிருந்து பழம் விழுந்து விழுந்து மீனுக்கு அந்த ருசி பழகியிருக்கும். உதிர்ந்த பழத்தை நீங்களாகப் பொறுக்காதீர்கள், அது தோட்டத்துக் கணக்கில் வருவது. கேட்டு நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேகவைத்து ஆறவிட்டால் ஆரஞ்சு நிறச் சதை கொட்டையை விட்டுக் கழன்று வரும். சதைக்குள் நார் ஓடுகிறது பாருங்கள், அந்த நாருக்குக் குறுக்கே முள்ளைக் குத்தினால் ஓட்டத்திலும் கழலாது, நார் ஓடும் வாக்கிலேயே குத்தினால் இரண்டாவது வீச்சிலேயே போய்விடும். பட்டாணி அளவுத் துண்டு போதும், முள்ளின் முனை மட்டும் கொஞ்சம் வெளியே தெரியட்டும். பழம் கிடைக்காத நாளில் வெள்ளை ரொட்டியை நனைத்துப் பிசைந்து உருட்டிக்கொள்ளலாம்.

மழை பெய்த அன்று தண்ணீர் குழம்பியிருக்கும், போகாதீர்கள். மேலே மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும், அது ஆபத்து. கலங்கல் தெளிந்து தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்ததும் காலையில் போங்கள். ஓடும் தண்ணீரில் மீன் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும், அதனால் கீழிருந்து மேலே நடந்தால் அதன் முதுகுப் பக்கமாக வருவீர்கள். ஓடை வளைகிற இடத்தில் வெளிக்கரையோரம் ஆழமாக இருக்கும், மரக்கிளை கவிந்திருந்தால் இன்னும் நல்லது. நிழல் தண்ணீரில் விழாமல் குனிந்து போய், கரையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கோலைத் தொடாமல் இருங்கள். மீன் இருந்தால் அடியில் வெள்ளியாக ஒரு மின்னல் திரும்பும்.

இரை அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி மிதப்பை வைத்துக்கொண்டு, மீன் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் வரும் பக்கம் போட்டு, ஓட்டமே கொண்டுபோகும்படி விடுங்கள். லம்பாம் முதலில் டிக் டிக் என்று கொத்தும், மிதப்பு நடுங்கும். அப்போது இழுத்தால் போச்சு. மிதப்பு பக்கவாட்டில் நகர்ந்து முங்கும்போது மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள், அது போதும். மீன் ஓடினால் ஓடவிட்டு, தளரும்போது சுற்றுங்கள். நரம்பைப் பிடித்துத் தூக்காமல் வலையில் வாங்குங்கள்.

உடம்பு முழுக்க வெள்ளியாக இருந்தால் லம்பாம் ஜாவா. வால் சிவந்து ஓரத்தில் கறுப்புக் கோடு இருந்தால் லம்பாம் சுங்கை. உள்ளங்கையை விடச் சின்னதைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்துத் திரும்ப விட்டுவிடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் மேல் வழுவழுப்பு உரிந்துவிடும். கரண்டு வைத்தும் மருந்து கலக்கியும் பிடிக்கிறவர்களைக் கண்டால் புகார் கொடுங்கள், அது குற்றம், குஞ்சு வரைக்கும் செத்து ஓடையே காலியாகிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு விஷயம்: லம்பாமில் மெல்லிய முள் ஏராளம். செதில் எடுத்த பிறகு இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாக, நெல் அகலத்துக்கு ஒரு கீறல் என்று நடு முள் வரை கீறி, மஞ்சளும் உப்பும் தடவி அரை மணி நேரம் ஊறவைத்து, நிறைய எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுங்கள். முள்ளோடு சேர்த்தே மென்றுவிடலாம்.