சில்லர் டேட்டால டிரெண்ட் அலாரம் ஒழுங்கா செட் பண்றது எப்படி

சிங்கப்பூர்ல சில்லருக்கு, அதாவது பில்டிங் ஏசிக்கு தண்ணியக் குளிரவைக்கிற மெஷினுக்கு, லீவே கிடையாது, வருசம் பூரா ஓடுது. சூட்ட வெளிய தள்ளுற கண்டென்சர் டியூப்ல அழுக்கு கொஞ்சம் கொஞ்சமா படியுறது யார் கண்ணுக்கும் தெரியாது, பிஎம்எஸ்ல (பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) இருக்குற சாதா ஹை அலாரம் அடிக்கிறதுக்குள்ள கரண்ட் பில்லு நல்லாவே ஏறியிருக்கும். அதனாலதான் "லிமிட்ட தாண்டிருச்சா"ன்னு கேக்காம "ஏறிக்கிட்டே போகுதா"ன்னு கேக்குற அலாரம் வேணும்.

முதல்ல எந்த பாயிண்ட்னு, அதாவது எந்த அளவ தொடர்ந்து பாக்கணும்னு, முடிவு பண்ணுங்க. நான் எடுக்குறது கண்டென்சர் அப்ரோச். ரெஃப்ரிஜெரன்ட்டோட (சில்லருக்குள்ள சுத்துற குளிர்விக்கிற வாயு) கண்டென்சிங் டெம்பரேச்சர்ல இருந்து வெளிய போற கண்டென்சர் தண்ணி டெம்பரேச்சர கழிச்சா வர்றது. டியூப்ல அழுக்கு படிஞ்சா இது மேல போகும்.

அடுத்து டேட்டாவ சுத்தம் பண்றது, பாதி வேலை இங்கதான், இத விட்டுட்டு எவ்ளோ நல்ல டெஸ்ட் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அப்ரோச் லோடுக்குத் தகுந்த மாதிரி மாறும், அதனால லோடு 60ல இருந்து 80 சதவீதம் இருக்குற நேரத்த மட்டும் எடுங்க, சில்லர் ஸ்டார்ட் ஆன முதல் அரை மணி நேரத்த தூக்கிருங்க, கண்டென்சர் பம்ப் ஸ்பீடு மாறுற பிளான்ட்டா இருந்தா அதையும் ஒரு ரேஞ்சுக்குள்ள பிடிச்சு வைங்க. அப்புறம் வாரத்துக்கு ஒரு மீடியன் (வரிசையா அடுக்குனா நடுவுல வர்ற நம்பர்) எடுங்க. சனி ஞாயிறு லோடு வேற, ஆபீஸ் நாள் லோடு வேற, வார மீடியன்ல அந்த ஆட்டம் அடங்கிரும். சீனப் புத்தாண்டு வாரத்துல ஆபீஸ் பில்டிங் காலியா கெடக்கும், டேட்டா பத்தலன்னா அந்த வாரத்த வெத்தா விட்டுருங்க, நடுவுல கோடு போட்டு ரொப்பாதீங்க.

இப்ப டெஸ்ட். மான் கெண்டல்னு ஒரு டிரெண்ட் டெஸ்ட் இருக்கு, அதுவே போதும். ஒவ்வொரு ஜோடியா எடுத்து, பின்னாடி வந்த வாரம் முன்னாடி வாரத்தவிட கூடவா குறைவான்னு மட்டும் பாக்கும், அதனால சென்சார் ஒருநாள் கிறுக்குத்தனமா காட்டுனாலும் கவுந்து போகாது. 12 வாரம் எடுத்தா 66 ஜோடி வரும். அதுல 50 ஏத்தம், 16 இறக்கம்னா எஸ் (ஏத்தத்துல இருந்து இறக்கத்தக் கழிச்சது) 34, இசட் (அந்த எஸ்ஸ அதோட வழக்கமான ஆட்டத்தோட ஒப்பிட்டது) சுமார் 2.26, பி வேல்யூ (டிரெண்டே இல்லன்னாலும் தற்செயலா இவ்ளோ வர்ற வாய்ப்பு) சுமார் 0.024. நாலே நாலு புள்ளிய வச்சு ஓட்டாதீங்க, நாலும் வரிசையா ஏறுனா கூட பி வேல்யூ 0.083க்குக் கீழ வராது. பைத்தான்ல ரெடிமேட் லைப்ரரி இருக்கு, ஃபார்முலாவ நீங்களே எழுத வேண்டியதில்ல. வார மீடியன் வேணாம், நாள் டேட்டாவையே போடுவேன்னா இன்னைக்கு நம்பரும் நாளைக்கு நம்பரும் ஒட்டிக்கிட்டே வரும், அப்ப சாதா டெஸ்ட் இல்லாத டிரெண்ட இருக்குன்னு சொல்லும், அதுக்கு ஹமத், ராவ்னு ரெண்டு பேர் 1998ல கொடுத்த திருத்தத்த போடுங்க.

பி வேல்யூ மட்டும் பாத்து அலாரம் அடிக்க விடாதீங்க, இதத்தான் நான் எல்லாருகிட்டயும் அழுத்திச் சொல்றேன். கூடவே சென் ஸ்லோப்பும் பாருங்க, அதாவது எல்லா ஜோடியோட சரிவுக்கும் மீடியன். வாரத்துக்கு 0.04 டிகிரின்னா 12 வாரத்துல கிட்டத்தட்ட அரை டிகிரி, ஆள் அனுப்பலாம். 0.003ன்னா பி வேல்யூ எவ்ளோ அழகா இருந்தாலும் விட்டுருங்க. ரெண்டு கண்டிஷனும் சேந்து மூணு வாரம் தொடர்ந்து நின்னாதான் அடிக்கணும்னு வைங்க.

பாயிண்ட் நிறைய இருந்தா இன்னொரு சிக்கல். 200 பாயிண்ட்ல எதுலயுமே டிரெண்ட் இல்லன்னாலும் பி வேல்யூ எல்லைய 0.05ல வச்சா சராசரியா 10 பாயிண்ட் சும்மாவே அடிக்கும். அதுக்கு பெஞ்சமினி ஹோக்பெர்க் 1995 முறைய போட்டு பி வேல்யூக்கள சரி பண்ணிக்கங்க. நைட் ஷிஃப்ட்ல தனியா உக்காந்திருக்குற தம்பிக்கு தேவையில்லாத அலாரம் வந்துகிட்டே இருந்தா, பாக்காமலே அக்னாலெட்ஜ் அமுக்க ஆரம்பிச்சிருவாரு, அவரக் குத்தம் சொல்ல முடியாது, செட் பண்ணுன நம்மதான் பொறுப்பு.

லைவ்ல போடுறதுக்கு முன்னாடி பழைய டேட்டால ஓட்டிப் பாருங்க. வாரங்கள கலைச்சுப் போட்டு ஓட்டுனா எத்தன பொய் அலாரம் வருதுன்னு தெரியும், அப்புறம் வாரத்துக்கு 0.04 செயற்கையா ஏத்தி விட்டு எத்தன வாரத்துல பிடிக்குதுன்னு பாருங்க, ரொம்ப லேட்டா பிடிச்சா விண்டோவையோ (எத்தன வாரத்த சேத்துப் பாக்குறோம்ங்குறது) லோடு ரேஞ்சையோ மாத்துங்க.

டியூப் பிரஷ் அடிச்ச நாள லாக்ல இருந்து எடுத்து அங்க இருந்து விண்டோவ புதுசா தொடங்க வைங்க, இல்லன்னா கிளீன் பண்ணதால வந்த திடீர் இறக்கம் அடுத்த ஏத்தத்த மறைச்சிரும். அலாரம் வந்தா ஒடனே பிரஷ் ஆர்டர் போடாதீங்க, சிஸ்டத்துக்குள்ள காத்து புகுந்தாலும் அப்ரோச் ஏறும், ஏறுதுன்னு மட்டும்தான் டெஸ்ட் சொல்லும், ஏன்னு டெக்னீஷியன்தான் போய்ப் பாக்கணும்.